உமியும் எலும்பும் ஊவாவின் கிணற்று நீரும்

மொனராகலை மாவட்டத்தின் வறண்ட பகுதிகளில் உள்ள பாடசாலைகளுக்குச் செல்லும் எவரும் பிள்ளைகள் சிலரின் முன்பற்களில் மண்ணிறக் கறை படிந்திருப்பதைக் கவனிக்கத் தவறமாட்டார்கள். பல் துலக்காததால் வந்த கறை அல்ல அது. கிணற்று நீரில் கரைந்துள்ள புளோரைட், பல் உருவாகும் பருவத்திலேயே பற்சிப்பியில் எழுதிவைத்த எழுத்து. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை புளோரைட் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெப்பம் மிகுந்த நாட்டில் மக்கள் கூடுதலாக நீர் அருந்துவர் என்பதால் இலங்கையின் தர நிர்ணயம் இதனை 1 மில்லிகிராமாக மட்டுப்படுத்தியுள்ளது. வெல்லவாய உள்ளிட்ட பகுதிகளில் இவ்வெல்லையைத் தாண்டிய கிணறுகள் பல உண்டு. மலையேறிப் பதுளைப் பக்கம் சென்றால் நிலைமை வேறு. அங்குள்ள ஊற்று நீரில் புளோரைட் பொதுவாகக் குறைவு. ஆனால் அதே பதுளை மாவட்டத்தின் தாழ்நிலமான கிராந்துருகோட்டை, காரணம் இன்னும் உறுதிப்படாத சிறுநீரக நோயினால் பீடிக்கப்பட்ட பிரதேசங்களுள் ஒன்றாகிவிட்டது. அந்நோய்க்குப் புளோரைட்டும் நீரின் வன்தன்மையும் காரணமாகலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உள்ளனர். ஆயினும் இறுதி முடிவு எட்டப்படவில்லை.

இந்தப் பின்னணியில், ஆய்வுகூடங்களுக்கு வெளியே அதிகம் பேசப்படாத ஓர் இரசாயன முறையைப் பற்றி இங்கு எழுத வேண்டியிருக்கிறது. ‘சோல்-ஜெல்’ என்பது அதன் பெயர். நோன்பு காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சப்படும் கடற்பாசியை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். தெளிந்த நீர்மம் தட்டில் ஊற்றப்பட்டுச் சற்று நேரத்தில் தளதளவென்று உறைகிறது. கடற்பாசியை மீண்டும் சூடாக்கினால் உருகிவிடும். சோல்-ஜெல் களியோ உருகாது. அதிலுள்ள நுண்துகள்கள் இரசாயனப் பிணைப்பினால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகிவிடுகின்றன. அக்களியை உலர்த்திச் சற்றுச் சூடாக்கினால் கண்ணாடியோ மட்பாண்டமோ போன்ற திண்மம் கிடைக்கிறது. கண்ணாடி உருக்க 1,300 பாகை செல்சியசுக்கு மேல் உலை எரிக்க வேண்டிய இடத்தில், இம்முறைக்குப் பல வேளைகளில் 600, 700 பாகை போதுமானது. சூடு குறைவு என்பதால் சேதனப் பொருட்களையும் கருகாமல் உள்ளே சேர்த்துக் கலப்புப் பொருட்களை ஆக்க முடிகிறது. மூக்குக்கண்ணாடியின் பிளாஸ்டிக் வில்லையில் கீறல் விழாதிருக்கப் பூசப்படும் மெல்லிய படலம் இதற்கு ஓர் அன்றாட உதாரணம்.

முறை புதியதல்ல. பிரெஞ்சு இரசாயனவியலாளரான எபெல்மென் 1840களின் நடுப்பகுதியிலேயே சிலிக்கன் சேர்வையொன்று ஈரக்காற்றுப் பட்டுக் கண்ணாடி போல் இறுகியதைக் கண்டார். மருத்துவத்தினுள் அது நுழைந்த கதை இதைவிடச் சுவையானது. அமெரிக்க விஞ்ஞானி லரி ஹென்ச் 1967இல் மாநாடொன்றுக்குப் பஸ்ஸில் சென்றபோது, வியட்நாமிலிருந்து திரும்பியிருந்த இராணுவ அதிகாரி ஒருவர் அருகில் அமர்ந்திருந்தார். காயமுற்றவர்களின் உடல் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் ஏற்க மறுப்பதால் கை கால்களை வெட்டியெறிய வேண்டியிருக்கிறது, உடல் ஏற்கும் பொருள் ஒன்றை உங்களால் செய்ய முடியாதா என்று அவர் கேட்டாராம். 1969இல் ஹென்ச் உருவாக்கிய கண்ணாடி எலியின் தொடை எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. அது உலையில் உருக்கிய கண்ணாடி. 1991இல் அவரது குழுவினர் அதே வகைக் கண்ணாடியை சோல்-ஜெல் முறையில் ஆக்கினர். நுண்துளைகள் நிறைந்த அக்கண்ணாடி எலும்புத் தாதுவை விரைவாகத் தன்மேல் படியச் செய்தது.

எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் அந்தத் தாதுவின் பெயர் ஹைட்ரொக்சி அபடைட். கல்சியமும் பொஸ்பேற்றும் ஹைட்ரொட்சில் கூட்டமும் சேர்ந்தது. புளோரைட் நீரில் இருந்தால் அந்த ஹைட்ரொட்சிலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிறிதளவாயின் பல் உறுதிப்படும். அளவு மிஞ்சினால் கறை, பின்னர் எலும்பு நோவு. பிள்ளையின் வாயில் நிகழும் இந்தத் தீங்கையே குழாய்க்குள் நிகழச் செய்தால் அதுதான் வடிகட்டி! எலும்பைக் கரியாக்கி அதனூடாக நீரைச் செலுத்தும் முறை பல நாடுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. செலவு குறைவு, பலன் நல்லது.

ஆனால் எந்த மிருகத்தின் எலும்பு? நிபுணர்களின் அறிக்கைகளில் ஒரு வரியில் கடந்து செல்லப்படும் இக்கேள்வி நம்மிடையே அவ்வளவு இலகுவாகக் கடந்து செல்லக்கூடியதன்று. மாட்டெலும்பின் வழியே வந்த நீரைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று பூசைக்கும் சமையலுக்கும் எடுக்குமா? பன்றியெலும்பு கலந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் முஸ்லிம் கிராமத்தில் அக்குழாயை யாராவது திறப்பார்களா? இதனை அறியாமை என்று ஒதுக்குவது அதிகாரிகளுக்குச் சுலபம். நீரை அருந்தப்போகிறவர் அருந்த மறுத்துவிட்டால் வடிகட்டி வெறும் பாத்திரம்தான். சத்திர சிகிச்சையில் வைக்கப்படும் எலும்புப் பதிலீடுகள் விடயத்திலும் இதே தயக்கம் உண்டு. அவற்றில் மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்து பெறப்படுபவையும் இருக்கின்றன. கல்சிய உப்பிலிருந்தும் பொஸ்பேற்றிலிருந்தும் ஆய்வுகூடத்தில் ஆக்கப்படும் அபடைட்டுக்கும் சோல்-ஜெல் கண்ணாடிக்கும் மிருகமே தேவையில்லை. நம்மைப் பொறுத்தவரை இந்தத் தொழில்நுட்பத்தின் முதற்பெறுமதி இதுவென்றே கருதுகிறேன். சுட்ட செங்கல் துண்டுகளை நிரப்பிய எளிய வீட்டு வடிகட்டி 1990களில் இலங்கையிலேயே உருவாக்கப்பட்டது என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். அது மலிவானது. ஆயினும் செங்கல் விரைவில் செயலிழப்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். இப்போது கிராமங்களில் காணப்படும் பின்னோக்கிய சவ்வூடு பரவல் நிலையங்கள் நல்ல நீரைத் தருகின்றன. ஆனால் அவற்றுக்கு மின்சாரமும் சவ்வும் வேண்டும். பிரித்தெடுக்கப்பட்ட உப்பு நிறைந்த நீர் மீண்டும் அதே மண்ணுக்குள் இறங்குகிறது.

இனி மூலப்பொருள். வெல்லஸ்ஸ என்ற பெயருக்கே இலட்சம் வயல்கள் என்பது பொருள். 1818இல் ஆங்கிலேயர் எழுச்சியை அடக்கியபோது அழித்த வயல்களின் நினைவு அப்பெயரில் இன்றும் கிடக்கிறது. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை சிலிக்கா. அதாவது ஒரு தொன் நெல்லில் 35 கிலோகிராம் அளவுக்குச் சிலிக்கா மறைந்திருக்கிறது. காரத்தில் கரைத்து, அமிலம் சேர்த்தால் களி திரளும். விலை கூடிய இறக்குமதிச் சேர்வைகளுக்குப் பதிலாக உமிச்சாம்பலிலிருந்தே சோல்-ஜெல் சிலிக்காவை ஆக்கும் வழி இது. எரிக்கும் வெப்பம் 700 பாகைக்கு மேற்சென்றால் சிலிக்கா படிகமாகிவிடும், பின்னர் கரைவது கடினம், அதன் தூசு சுவாசப்பைக்கும் கேடு. எனவே செங்கல் சூளையின் சாம்பலை அள்ளிவந்து வேலையைத் தொடங்கிவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது.

அந்தச் சிலிக்காவை வாங்குவது யார் என்றால், அதற்கும் விடை மொனராகலையிலேயே இருக்கிறது. இறப்பருக்குப் பழக்கமற்ற இவ்வறண்ட மாவட்டத்தில் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியுடன் 2007 முதல் சிறு உடைமையாளர்கள் இறப்பர் நட்டனர். வெறும் இறப்பரால் டயர் ஆகாது. அதற்கு வலுவூட்டக் கரியோ சிலிக்காவோ கலக்க வேண்டும். குட்இயர் நிறுவனம் உமிச்சாம்பற் சிலிக்காவை டயரில் பயன்படுத்தப் போவதாக 2014இல் அறிவித்தது. பாற்பாயத்துக்குள்ளேயே சோல்-ஜெல் முறையில் சிலிக்காவை உருவாக்கும் ஆய்வுகள் தாய்லாந்திலும் ஜப்பானிலும் நடந்துள்ளன. நெல்லும் இறப்பரும் ஒரே மாவட்டத்தில் விளையும் நாம் உமியைக் கோழிப்பண்ணைக்கும் சூளைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெறுமதி சேர்த்தல் என்பதையே இலட்சியமாக அறிவித்து 2005இல் பதுளையில் தொடங்கப்பட்டது ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். கனிய வளத் தொழில்நுட்பம், தேயிலைத் தொழில்நுட்பம், தெங்கு மற்றும் இறப்பர்ப் பால் தொழில்நுட்பம் ஆகியவற்றில் அங்கு பட்டப்படிப்புகள் உள்ளன. இதைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கும் இல்லை. ஆனால் ஆய்வுக்கும் வயலுக்கும் இடையிலான தூரம் இந்நாட்டில் எவ்வளவு என்பதை 2021ஆம் ஆண்டு காட்டிக்கொடுத்தது. யூரியாவை ஹைட்ரொக்சி அபடைட் நுண்துகள்களோடு பிணைத்து மெதுவாக வெளியிடச் செய்யும் பசளையை ஹோமாகமவிலுள்ள இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனத்தினர் உருவாக்கி 2017இல் சர்வதேச சஞ்சிகையொன்றில் வெளியிட்டிருந்தனர். யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல் விளைச்சல் குன்றவில்லை என்பது அதன் சாரம். நான்கு ஆண்டுகளின் பின் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடை செய்யப்பட்டு, விளைச்சல் சரிந்து, ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நானோ திரவப் பசளை அவசரமாகக் கொண்டுவரப்பட்டது. நவம்பரில் தடையே கைவிடப்பட்டது. மொனராகலையின் சோளச் சேனைக்காரரும் பதுளையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் அதற்கு விலை கொடுத்தனர்.

தொழிற்சாலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. ஒரு தொன் சிலிக்காவைக் கழுவ வெளியேறும் உப்பு நீர் எங்கே போகும்? நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரியவில் வீதிக்கு இறங்கிய மக்கள்மீது 2013 ஆகஸ்ட் முதலாந் திகதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, மூவர் மாண்டனர். உமா ஓயா சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர்க்கசிவு ஏற்பட்டபின் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. ஊவா மக்களிடம் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுவோர் இவற்றை மறந்துவிட்டுப் பேச முடியாது.

எனவே சிலிக்கா ஆலையைவிட முதலில் தொடங்கத்தக்கது வடிகட்டிதான். கிராமிய நீர்ச் சங்கங்கள் ஏற்கனவே இயங்குகின்றன. வெல்லவாயவில் ஒரு சிங்களக் கிராமம், பக்கினிகஹவெலயில் ஒரு முஸ்லிம் கிராமம், மொனராகலைத் தோட்டமொன்றின் லயன்கள் என மூன்று இடங்களில் நீரைப் பரிசோதித்து, தேவையுள்ள இடத்தில் செயற்கை அபடைட் வடிகட்டியை ஓராண்டு இயக்கிப் பார்க்கப் பெருந்தொகை தேவைப்படாது. அபடைட் நிறைவுற்றதும் பழையதைச் சேகரிப்பவர் யார், புதியதற்குக் குடும்பம் ஒன்று மாதம் எவ்வளவு செலுத்த இயலும், பரிசோதனைப் பெறுபேறு தமிழிலும் எழுதி ஒட்டப்படுமா என்பவற்றை அந்த ஓராண்டில் அறிந்துகொள்ளலாம். பரிசோதிக்கும் பணிக்குப் பதுளையிலிருந்தே மாணவர்கள் வரலாம். அவர்களுள் பசறை, லுணுகலைத் தோட்டங்களிலிருந்தும் குருத்தலாவையிலிருந்தும் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் ஊவாப் பாடசாலைகளுக்கு இரசாயனவியல் ஆசிரியர் கிடைப்பதைப் பொறுத்தது.