பயிற்சியாளர் போன பிறகும் மாறாதது எது?

2015 டிசம்பர் 14 இரவு. லெஸ்டர் நகரின் கிங் பவர் அரங்கில் செல்சி 1-2 என்று தோற்றது. ஏழு மாதங்களுக்கு முன்புதான் பிரீமியர் லீக் கோப்பையை வென்ற அணி அது. இப்போது 16 ஆட்டங்களில் 9 தோல்வி, பட்டியலில் 16ஆம் இடம். தரமிறக்கப்படும் இடத்துக்கும் அதற்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ கேமராவுக்கு முன்னால் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். லெஸ்டர் எந்தெந்த வழியில் கோல் போடும் என்று ஆட்டக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தாராம்; சொன்ன வழியிலேயே கோல் விழுந்ததாம். தன் உழைப்புக்குத் துரோகம் நடந்துவிட்டதாக உணர்வதாகச் சொன்னார். மூன்றாம் நாள் அவருக்கு வேலை இல்லை. பயிற்சியாளருக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஒத்துவரவில்லை என்பது வெளிப்படையாகவே தெரிந்தது என்று கிளப்பின் தொழில்நுட்ப இயக்குநர் மைக்கேல் எமனாலோ விளக்கம் கொடுத்தார்.

அன்று எதிர்ப்பக்கம் நின்றவர் கிளாடியோ ரனியேரி. சீசன் தொடக்கத்தில் பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 என்று ஒதுக்கிவைத்த லெஸ்டரை அவர் சாம்பியனாக்கினார். கோப்பை வாங்கி ஒன்பது மாதம் ஆனதும், 2017 பிப்ரவரி 23 அன்று, அவரையும் அனுப்பிவிட்டார்கள். சாம்பியன் அணி தரமிறக்கப்படும் இடத்துக்கு ஒரு புள்ளி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஆக, அந்த டிசம்பர் இரவில் கோட்டுக்கு வெளியே நின்ற இரண்டு பேரும் 15 மாதங்களுக்குள் வேலையை இழந்தார்கள். களத்துக்குள் ஆடியவர்களில் பெரும்பாலோர் அப்படியே இருந்தார்கள்.

இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஆட்டக்காரருக்கு நான்கைந்து ஆண்டு ஒப்பந்தம் இருக்கும். வாங்கிய விலை கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக எழுதப்பட்டிருக்கும். அதோடு ஆட்களை வாங்கவும் விற்கவும் ஆண்டுக்கு இரண்டு முறைதான் கதவு திறக்கும். 25 பேரை ஒரே நாளில் மாற்ற யாராலும் முடியாது. ஒருவரை மாற்றுவது சுலபம். பயிற்சியாளரின் சம்பளத்தில் ஒரு பகுதி, பழியைச் சுமப்பதற்கான கூலி என்றுகூடச் சொல்லலாம். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இது விநோதம்தான். 2025இல் சென்னை சூப்பர் கிங்ஸ் முதன்முறையாக ஐபிஎல் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. 2009இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஸ்டீபன் ஃபிளெமிங்கின் நாற்காலி அசையவில்லை.

சரி, மாற்றினால் பலன் உண்டா? நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல், 1986 முதல் 2004 வரையிலான அந்நாட்டு முதல்நிலை லீக் முடிவுகளை வைத்து ஆராய்ந்தார். வரிசையாகத் தோற்றதும் பயிற்சியாளரை நீக்கிய அணிகள் பிறகு தேறின; இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே அளவு சறுக்கியும் பயிற்சியாளரை வைத்துக்கொண்ட அணிகளும் ஏறக்குறைய அதே போலத் தேறின. இதை யாரும் கவனிப்பதில்லை. காய்ச்சல் தானாக இறங்கும் நாளில் வந்து மந்திரித்தவருக்குப் பேர் கிடைப்பதைப்போல, புதிய பயிற்சியாளருக்கும் முதல் மாதத்தில் பேர் கிடைத்துவிடுகிறது.

ஆகவே முதல் மாதத்து வெற்றிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பயிற்சியாளர் போன பிறகு எது மாறியது, எது மாறாமல் கிடக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தால்தான் குற்றம் யாருடையது என்று ஓரளவு புலப்படும்.

செல்சியையே எடுத்துக்கொள்வோம். மொரின்யோவுக்குப் பின் வந்த குஸ் ஹிடிங்க் அணியை 10ஆம் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்து அந்தோனியோ கோன்டே வந்தார். 2016 செப்டம்பர் 24 அன்று ஆர்சனலிடம் 0-3 என்று உதை வாங்கிய பிறகு, பின்களத்தில் மூவர், இரு ஓரங்களிலும் மேலும் கீழும் ஓட ஆளுக்கு ஒருவர் என்று அமைப்பையே மாற்றினார். அதன்பின் லீக்கில் தொடர்ந்து 13 வெற்றி. சீசன் முடிவில் 93 புள்ளிகள், கோப்பை. கோர்ட்வா, கேஹில், மாட்டிச், ஹசார்ட், கோஸ்டா என்று முதுகெலும்பில் பெரும்பாலும் பழைய ஆட்கள்தான். இரவல் கொடுக்கப்பட்டு ஊர் ஊராகச் சுற்றிய விக்டர் மோசஸ் வலது ஓரத்தில் நிலைபெற்றார். இதைப் பார்த்தால் குற்றம் மொரின்யோவுடையது என்றுதான் தோன்றும்.

ஆனால் எடன் ஹசார்டின் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2015இல் இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர், அடுத்த சீசனில் லீக்கில் முதல் கோலைப் போட்டது 2016 ஏப்ரலில். மொரின்யோ போய் நான்கு மாதம் கழிந்துவிட்டது. அந்த நான்கு மாத வறட்சிக்கும் அவரா பொறுப்பு? இடுப்புக் காயம் இருந்தது உண்மை. அதையும் யாருடைய கணக்கில் எழுதுவது என்பது வேறு கேள்வி. கோன்டேவின் அதிர்ஷ்டத்தையும் மறந்துவிட முடியாது. 10ஆம் இடத்தில் முடித்ததால் அந்த ஆண்டு செல்சிக்கு ஐரோப்பியப் போட்டிகள் இல்லை. வாரம் முழுக்கப் பயிற்சிக்கு நேரம் கிடைத்தது. போதாததற்கு லெஸ்டரிலிருந்து என்கோலோ கான்டே வந்து சேர்ந்தார். அந்தச் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே போனது.

கான்டே போனதால்தான் லெஸ்டர் விழுந்தது என்று ரனியேரிக்காக வாதாடுபவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. நடுக்களத்தில் இரண்டு ஆள் வேலையை ஒருவராகப் பார்த்தவருக்கு ஈடாக யாரையும் அந்தக் கோடையில் லெஸ்டர் தேடிப்பிடிக்கவில்லை. மீதி பாதி சங்கடமானது. ரனியேரி போன நான்காம் நாள், உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியரின் பொறுப்பில் அதே அணி லிவர்பூலை 3-1 என்று வென்றது. அதையும் சேர்த்து லீக்கில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை வென்றது. கான்டே திரும்பி வரவில்லை. புதிதாக யாரையும் வாங்கவும் இல்லை, வாங்கும் கதவு ஜனவரியோடு மூடியாயிற்று. ஓட்டம் திரும்பியது, எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கும் பழைய வேகம் திரும்பியது. பயிற்சியாளரைத் துரத்தச் சதி செய்ததாக எழுந்த பேச்சை ஆட்டக்காரர்கள் மறுத்தார்கள். சதி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். லிவர்பூலுக்கு எதிராக ஓடிய அந்த ஓட்டம் அதற்கு முந்தைய மாதங்களில் எங்கே போயிருந்தது என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. உத்தி தவறினால் பயிற்சியாளரைக் கேட்கலாம். ஓடாததற்கு ஓடாதவரைத்தான் கேட்க வேண்டும். அந்த ஷேக்ஸ்பியரையும் அதே ஆண்டு அக்டோபரில் நீக்கினார்கள் என்பது கிளைக்கதை.

மான்செஸ்டர் யுனைடெட்டில் இந்தச் சோதனை பத்தாண்டுக்கும் மேலாக நடக்கிறது. 2013இல் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு 2025 வரை மோய்ஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம் என்று நிரந்தரப் பயிற்சியாளர்கள் மட்டும் ஆறு பேர். வான் காலை எஃப்.ஏ. கோப்பை வென்ற இரண்டாம் நாள் நீக்கினார்கள். 2024-25இல் அணி 15ஆம் இடத்தில் முடித்தது. ஆறு பேருமே திறமையற்றவர்கள் என்று நம்பக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

அப்படியானால் ஆட்டக்காரர்கள்தான் மட்டமா? அதுவும் பொருந்தவில்லை. யுனைடெட் வேண்டாம் என்று 2024 ஆகஸ்டில் விற்ற ஸ்காட் மெக்டாமினே நாப்போலிக்குப் போனார். முதல் சீசனிலேயே இத்தாலிய லீக்கை வென்று, அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். அங்கே அப்போது அவருடைய பயிற்சியாளர் அதே கோன்டே. சுமார் 9.5 கோடி யூரோ கொடுத்து வாங்கப்பட்டு, மான்செஸ்டரில் கேலிப்பொருளாகிப்போன ஆன்டனி, 2025 ஜனவரியில் ஸ்பெயினின் ரியல் பெட்டிஸுக்கு இரவலாகப் போய் அந்த அணி ஐரோப்பிய இறுதியாட்டம் ஒன்றுக்கு வரத் துணைநின்றார். பயிற்சியாளர் மாறினாலும் நோய் இருக்கிறது; ஆட்டக்காரர் வெளியே போனால் அவருக்கு மட்டும் குணமாகிறது. விரல் நீள வேண்டிய திசை, யாரை எந்த விலைக்கு எதற்காக வாங்குவது என்று முடிவெடுக்கும் அலுவலக அறை.

இதே அளவுகோலை இந்தியக் கால்பந்து அணிக்கும் வைத்துப் பார்க்கலாம்.

2023இல் இந்தியா தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பையை வென்று, உலகத் தரவரிசையில் 99ஆம் இடம்வரை ஏறியது. பயிற்சியாளர் குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்குப் போய் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது, ஒரு கோல்கூடப் போடவில்லை. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 தோல்வி. அந்த ஒரு கோலும் தன் 150ஆவது ஆட்டத்தை ஆடிய சுனில் சேத்ரியின் பெனால்டி. ஜூனில் கத்தாரிடம் தோற்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியது. ஸ்டிமாச் நீக்கப்பட்டார். ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் 4 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கு முடிக்க வேண்டியதாயிற்று. 2024இல் அவர் வழிநடத்திய 7 ஆட்டங்களில் இந்தியா போட்டது 2 கோல்.

அடுத்து ஸ்பெயினின் மனோலோ மார்க்கெஸ். கோவா கிளப்பின் பயிற்சியாளராக இருந்துகொண்டே தேசிய அணியையும் பார்த்துக்கொள்ளும்படி அவரை அமர்த்தியது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. அவர் காலத்தில் 8 ஆட்டம், ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக 3-0. அதைக் கழித்தால் மீதி 7 ஆட்டங்களில் மறுபடியும் 2 கோல். மாலத்தீவு ஆட்டத்துக்காக, ஓய்வு பெற்றுவிட்ட 40 வயது சேத்ரியைத் திரும்ப அழைத்துவந்தார்கள். அவரும் ஒரு கோல் போட்டார்.

மூன்றாமவர் காலித் ஜமீல், உள்ளூர்க்காரர். 2025 ஆகஸ்டில் வந்தவர், மோகன் பகான் கிளப் தன் ஆட்களை விடாத நிலையில், கிடைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு தஜிகிஸ்தானுக்குப் போய், அங்கே ஆடிய போட்டித் தொடரில் ஓமானைப் பெனால்டியில் வீழ்த்தி மூன்றாம் இடம் பெற்றுவந்தார். பாராட்டு மழை. ஐந்து வாரம் கழித்து கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு பறிபோனது. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. இந்தியாவை அவர்கள் வென்றது 22 ஆண்டுகளில் முதல்முறை. அவர்கள் அணியில் லெஸ்டரில் வளர்ந்த ஹம்சா சௌத்ரி இருந்தார். அதையடுத்து இந்தியாவின் தரவரிசை 142 ஆனது.

குரோஷியர், ஸ்பானியர், இந்தியர் என்று மூன்று பேர் வந்தும் கோல் பஞ்சம் தீரவில்லை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். நாட்டின் முதல்நிலை லீக்கான ஐஎஸ்எல்லின் கிளப்புகள் களத்தில் இறக்கும் வெளிநாட்டவரில் ஒருவரைப் பெரும்பாலும் கோல் போடும் இடத்தில் நிறுத்துகின்றன. இந்திய இளைஞன் ஓரத்தில் ஓடிப் பந்தைக் கொடுத்துப் பழகுகிறான். எதிரணிக் கம்பத்துக்கு முன்னால் நின்று முடித்துப் பழகுவதில்லை. 2024-25 ஐஎஸ்எல்லில் அதிக கோல் போட்டவர் மொராக்கோவின் அலாதீன் அஜாராய், 23. இந்தியர்களில் அதிகம் போட்டவர் 14 கோலோடு சேத்ரி. நாற்பது வயதில்! கிளப்புகளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தோற்றால் பணம் போகிறவர்கள், தெரிந்த ஆளைத்தான் நிறுத்துவார்கள். தேசிய அணியின் தேவையை யோசித்து விதி வகுக்க வேண்டியது கூட்டமைப்பின் வேலை.

அந்தக் கூட்டமைப்போ லீக்கையே நடத்த முடியாமல் திண்டாடியது. வணிக ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் லீக், டாக்காவில் தோற்ற நாளிலும் தொடங்கியிருக்கவில்லை. வாராவாரம் லீக் ஆட்டம் இல்லாத ஆட்டக்காரர்களை ஒரு பயிற்சியாளர் எந்த உத்தியால் தயார்ப்படுத்துவார்?

இதைச் சொல்வதால் களத்தில் நின்றவர்களை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. மட்காவில் 14ஆவது நிமிடத்திலேயே முன்னிலை பெற்றுவிட்டுச் சொந்த மண்ணில் அதைக் கோட்டைவிட்டது, எந்தக் கூட்டமைப்பும் செய்த தவறல்ல. ஜமீலின் தேர்வுகளையும் கேள்வி கேட்கலாம். ஆனால் அடுத்த பயிற்சியாளரை அறிமுகப்படுத்தும் செய்தியாளர் சந்திப்பு என்றைக்கு நடந்தாலும், அவருடைய உத்தி என்ன என்று கேட்பதற்கு முன்னால், பக்கத்து நாற்காலியில் இருக்கும் கூட்டமைப்புத் தலைவரிடம் இன்னொன்றைக் கேட்கலாம்: தேசிய அணியின் முன்கள வீரர்கள் கடந்த சீசனில் தங்கள் கிளப்புக்காக, கோல் கம்பத்துக்கு நேர் எதிரே நிற்கும் அந்த இடத்தில், எத்தனை நிமிடம் ஆடினார்கள்?