பேன் உள்ள பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்



இரண்டு கிழமையாக நிலாவெளிப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கதைதான். "பேன் உள்ள பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம்." "அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் என் மகளை இருத்தாதீர்கள் டீச்சர்." ஒருவர் பிள்ளையின் பெயரையே சொல்லிக் குரல் பதிவு போட்டிருந்தார். அதற்குக் கீழே பெருவிரல் உயர்த்தியவர்கள் 17 பேர். எண்ணிப் பார்த்தோம்.

நாங்கள் ஆசிரியர்கள். எங்கள் பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம். தரம் 4 பிள்ளை ஒன்றைக் கடைசி வரிசையில் தனிக் கதிரையில் இருத்தினோம். இருத்தியது ஒருவர், வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தது மற்ற எல்லோரும். "உம்மாட்டச் சொல்லித் தலையப் பார்த்துக்கொண்டு வா" என்று முழு வகுப்புக்கும் கேட்கச் சொன்னோம். அந்தப் பிள்ளையின் உம்மா குவைத்தில். வளர்ப்பது உம்மம்மா. அவருக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. ஈர் எங்கே, பொடுகு எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த விசயம். தெரிந்துகொண்டுதான் சொன்னோம். ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்து, நல்ல புள்ளியும் எடுத்தவர்கள் நாங்கள்.

பிள்ளை 6 நாள் வரவில்லை. வந்தபோது முக்காட்டுக்குள் முடி இல்லை. காதுக்குப் பின்னால் தோல் வெந்திருந்தது. படகு எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை முதலில் தடவிப் பார்த்திருக்கிறார்கள். அது சரிவரவில்லை என்றதும் மொட்டை. அடுப்படிக்குப் பக்கத்தில் அந்தத் தலையோடு பிள்ளை இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் மருந்து இரண்டையும் பிள்ளையின் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

பேன் அழுக்கில் பிறப்பதில்லை. தினம் சவர்க்காரம் போட்டுக் குளிக்கும் தலையிலும் அது இருக்கும். அது பறக்காது, பாயாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும், அவ்வளவுதான். அதனால்தான் ஒன்றாக நெருங்கி இருந்து கதைக்கும் பெண் பிள்ளைகளிடம் அதிகம். முக்காடு போடுவதால் பேன் வருகிறது என்று சிலர் அவிழ்த்துவிடும் கதையும் பொய். தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடுப்பில் வாழும் பேன், தலைப்பேன் அல்ல.

இன்னொன்று. நீங்கள் சொறிவதைக் கண்டு கண்டுபிடிக்கும்போது அந்தப் பேன் அநேகமாகக் கிழமைக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கும். பரவ வேண்டியது பரவி முடிந்திருக்கும். இன்று அந்தப் பிள்ளையை வாசலில் மறித்து யாரைக் காப்பாற்றப் போகிறோம்? பேனுக்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே சொல்கிறது.

சுத்தம் பற்றிய ஹதீஸை எடுத்துப் போட்டு அந்த வீட்டைக் குத்திக் காட்டிய சகோதரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் கஃப் இப்னு உஜ்ரா (ரலி) அவர்களின் தலையிலிருந்து பேன் முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கண்டு, இது உமக்குத் தொல்லையாக இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். இஹ்ராமில் தலை மழிக்கக் கூடாது. ஆனாலும் அவருக்கு அனுமதி கிடைத்தது. பரிகாரம் 3 நோன்பு, அல்லது 6 ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆடு. சூரா பகராவின் 196ஆம் வசனம் இறங்கிய சந்தர்ப்பம் அது. கேட்கப்பட்டது அவருடைய தொல்லையைப் பற்றி. அவர் வீட்டைப் பற்றியோ தாயைப் பற்றியோ அல்ல.

2004 சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்தவர்கள் நினைத்துப் பாருங்கள். அப்போது யாருடைய தலையில் பேன் இல்லை? ஒரு சீப்பை வைத்துக்கொண்டு வரிசையாக இருந்து ஒருவர் தலையை ஒருவர் பார்த்தோம். அன்று பெயர் சொல்லி யாரையும் பிரித்து வைத்ததாக எங்களுக்கு ஞாபகம் இல்லை.

வேலை கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். தலையை நனைத்து, கண்டிஷனர் அல்லது தேங்காய் எண்ணெய் போட்டு, நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் தோலிலிருந்து நுனி வரை வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். 1, 5, 9, 13ஆம் நாட்களில் செய்யுங்கள். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் எடுக்கும். பொரித்த குஞ்சு பெரிதாகி முட்டையிடுவதற்குள் வாரி எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் வாரிவிட்டு நிறுத்துவதால்தான் "திரும்பவும் வந்துவிட்டது" என்கிறோம். வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள், வாப்பாமார் உட்பட. மருந்துதான் வேண்டுமென்றால் பார்மசியில் அல்லது குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டு வாங்குங்கள். பேர்மெத்ரின் ஈரை முழுதாகக் கொல்லாது, 9 நாள் போல் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும்.

வரும் சனிக்கிழமையை முதலாம் நாளாக வைத்துக்கொள்வோம். வகுப்புக் காசில் சீப்பு வாங்கியிருக்கிறோம். வாங்க வசதியில்லாதவர்கள் காரணம் சொல்லத் தேவையில்லை, பிள்ளையிடம் தந்துவிடுகிறோம். உம்மா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கும், உம்மம்மாவுக்குக் கண் தெரியாத வீடுகளுக்கும் எங்கள் டீச்சர்மார் அஸருக்குப் பிறகு வருவார்கள். தனிக் கதிரையை நேற்றே எடுத்துவிட்டோம்.

குரல் பதிவு போட்டவர் இன்று இஷாவுக்கு முன் அதை அழித்துவிட வேண்டும். அந்தப் பிள்ளையின் உம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார்.