‘ஆக்சிஜன் ஏறவில்லை’ என்பது விளக்கமாகுமா?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் உறவினர்களிடம் இந்தியா முழுவதும் சொல்லப்படுவது ஏறத்தாழ ஒரே வாக்கியம்தான்: “ஆக்சிஜன் ஏறவில்லை, வென்டிலேட்டர் வைக்க வேண்டும், இங்கே கையெழுத்திடுங்கள்.” ஏன் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறீர்கள் என்று கேட்டால் வரும் விடையும் ஒன்றுதான்: “அமில-காரச் சமநிலையையெல்லாம் நம் மொழிகளில் சொல்ல முடியாது, சொன்னாலும் அவர்களுக்குப் புரியாது.” மொழியியல் பயின்றவருக்கு இந்த விடை ஏற்புடையதாக இருக்க முடியாது. மருத்துவத்துறை தட்டிக்கழிக்கும் ஒரு கடமையின் பழி இங்கே மொழியின்மீது போடப்படுகிறது.

சொல்ல வேண்டியது என்ன என்று முதலில் பார்ப்போம். உடல் இடைவிடாமல் அமிலத்தை உண்டாக்குகிறது. அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக நுரையீரல் வழியே வெளியேறுகிறது; எஞ்சியதைச் சிறுநீரகம் கழிக்கிறது. தமனி இரத்தத்தின் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையிலும், கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரையிலும் இருப்பது இயல்பு. மூச்சு தளர்ந்தால் அந்த வாயு தேங்கும், இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும், நினைவு மங்கும். விரல்நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இவற்றில் எதையும் காட்டாது. கூடுதல் ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அது 97 என்று காட்டும்போதே அவர் மயக்கத்தில் ஆழ்ந்துகொண்டிருக்கலாம். 2021 இரண்டாம் அலையில் அந்த ஒற்றை எண்ணைக் கவனிக்கச் சொன்னது சரியே. ஆனால் மூச்சு என்றாலே ஆக்சிஜன்தான் என்ற எண்ணம் அன்றுமுதல் நாடு முழுவதும் வேரூன்றிவிட்டது.

பேச்சுத்தமிழ் இதைவிட நுட்பமானது. ‘மூச்சு வாங்குகிறது’ என்கிறோம்; ‘மூச்சு விட முடியவில்லை’ என்றும் சொல்கிறோம். வாங்குவது ஒரு வினை, விடுவது இன்னொரு வினை. இந்தியிலும் மூச்சை எடுப்பதற்கும் விடுவதற்கும் தனித்தனி வினைகள் உண்டு. ‘அமிலம்’ என்ற சொல்லின் வேர்ப்பொருளே புளிப்புத்தான். நம் முன்னோர் இரத்த வேதியியலை அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேச நான் வரவில்லை. விளக்கத்துக்கு வேண்டிய சொற்கள் நோயாளியின் வீட்டிலேயே இருக்கின்றன என்பதே என் வாதம். “மூச்சை வாங்குகிறார்; ஆனால் கழிவுக்காற்றை முழுவதும் வெளியே விட அவருக்கு வலுவில்லை. அது இரத்தத்தில் தேங்கிப் புளிப்பேற்றுவதால் மயக்கம் வருகிறது. அந்தக் காற்றை வெளியேற்ற இந்த இயந்திரம் சில நாள் உதவும். நோய் குணமாவது தனி.” ஒரு நிமிடம்கூட ஆகாத பேச்சு இது.

எண்கள் சரியாக இருந்தால் போதாதா, சொல் எதற்கு என்று கேட்போர் 1952-ஆம் ஆண்டின் கோபன்ஹேகனை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே பிளெக்டாம் மருத்துவமனையில், போலியோவால் மூச்சுத்தசைகள் செயலிழந்த முதல் 31 நோயாளிகளில் 27 பேர் இறந்தனர். அவர்களின் இரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்தது. காரணம் விளங்காத ‘காரமிகை’ என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் அதே எண்ணை வேறுவிதமாகப் படித்தார்: வெளியேற முடியாத கார்பன் டை ஆக்சைடு தேங்கிக் கிடக்கிறது, இரத்தம் இருப்பது அமிலப் பக்கம். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, மூச்சுக்குழலில் துளையிட்டுச் செருகிய குழாய்வழியே, பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டிக் காட்டினார். போல் ஆஸ்ட்ரப்பின் ஆய்வகம் பி.எச். அளந்து அவர் கருத்தை உறுதிசெய்தது. அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாகப் பை அழுத்தினார்கள். 80 விழுக்காட்டுக்கு மேலிருந்த இறப்பு 40 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. தவறான பெயர் வல்லுநர்களையே இவ்வளவு தூரம் திசைதிருப்பியிருக்கிறது. பெயர்கூடச் சொல்லப்படாத உறவினர் எதை நம்பி முடிவெடுப்பார்?

அரைகுறைச் சொல்லின் விளைவு மருத்துவமனை வாசலோடு முடிவதில்லை. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் இயல்புடையவர்களுக்கு, ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 விழுக்காடு வரை இருந்தால் போதும். அளவுமீறிக் கொடுத்தால் தேக்கம் கூடும். ‘ஆக்சிஜன் குறைவு’ என்று மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பிய மகன் என்ன செய்வான்? கருவியின் திருகைக் கூட்டி 99 வந்ததும் நிம்மதியடைவான். தன் தந்தைக்குத் தானே தீங்கு செய்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. நீரிழிவு முற்றி இரத்தம் அமிலமானவர் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூச்சு அமிலத்தை வெளியேற்ற உடல் நடத்தும் போராட்டம். வென்டிலேட்டரை வழக்கமான வேகத்தில் அமைத்து அந்தப் போராட்டத்தை நிறுத்தினால் இதயமே நின்றுபோகலாம். அவர் இன்சுலினை எப்போது நிறுத்தினார் என்ற தகவல் குடும்பத்தாரிடம் இருக்கிறது. ஏன் கேட்கிறார்கள் என்று புரிந்தால்தானே அதை அவர்கள் எடுத்துச் சொல்வார்கள்?

“உயிர் போகும் நேரத்தில் பாடம் நடத்துவதா?” என்பார்கள். அந்த ஐந்து நிமிடங்களில் குழாய்தான் முதலில். அதில் எனக்கு வழக்கில்லை. அதன்பின் வரும் நாட்கள்? 2008-இல் உச்ச நீதிமன்றம், போதிய தகவல் தந்து பெறும் ஒப்புதலே உண்மையான ஒப்புதல் என்று தெளிவுபடுத்தியது. 2018-இல் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ளும் உரிமையை ஏற்று, 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இயந்திரம் என்ன செய்கிறது என்றே தெரியாத குடும்பம் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்தும்?

கலைச்சொல் வெளியிட்டால் கடமை முடிந்தது என்பவர்களும் இதற்கு விடை சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் போபாலில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் நூல்கள் இந்தியில் விழா எடுத்து வெளியிடப்பட்டன. தாய்மொழிப் பாடநூலை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மாணவர் இந்தியில் தேர்வெழுதுவதும், ஒடிசாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியின் மனைவிக்கு ஒரு செய்தியைப் புரியவைப்பதும் வேறுவேறு திறன்கள். 2019 பாடத்திட்டத்தில் உள்ளூர் மொழிப் பயிற்சியும் தகவல்தொடர்பும் இடம்பெற்றது நல்ல தொடக்கம். அது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல்வரை வந்து சேர வேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஒன்று: முதுநிலை மருத்துவத் தேர்வில், இரத்த வாயு அறிக்கை ஒன்றைப் பொதுமனிதருக்கு உள்ளூர் மொழியில் இரண்டு நிமிடங்களில் விளக்குவது மதிப்பெண்ணுக்குரிய பகுதியாக வேண்டும். இரண்டு: பெருநகர மருத்துவமனைகள், கிடைத்த காவலாளியையோ துப்புரவுப் பணியாளரையோ மொழிபெயர்க்கச் சொல்வதைக் கைவிட்டு, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும். மூன்று: மொழியியல் துறையினராகிய நாம் அகராதிக் குழுக்களிலிருந்து சற்றே எழுந்து, உரிய நெறிமுறை அனுமதியோடு, அந்த வாசலில் நடக்கும் பேச்சை ஆராய வேண்டும்.

மாறுபடும் மருத்துவ நண்பர்கள் தாராளமாகப் பின்னூட்டமிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: பி.எச். 7.20, கார்பன் டை ஆக்சைடு 80 என்ற கற்பனை அறிக்கை ஒன்றை உங்கள் வீட்டுப் பாட்டிக்குப் புரியும்படி நான்கு வரிகளில் எழுதிவிட்டு வாதத்தைத் தொடங்குங்கள். எழுத முடிந்தால் ‘நம் மொழியில் சொல்ல முடியாது’ என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், குறை பாட்டியிடம் இல்லை.