சிறு மேசைக்கு ஏற்ற விசைப்பலகை

மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைக்கு அப்பால் மலைச்சாரலிலுள்ள தோட்டமொன்றில் என் தங்கையின் குடும்பம் வசிக்கின்றது. சென்ற பூரணை விடுமுறையன்று அங்கே போயிருந்தேன். வாசலிற் கால்வைத்த மறுகணமே ஒரு வழக்கைத் தீர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வாதி மருமகன், பிரதிவாதி அவன் தங்கை, வழக்குப் பொருள் ஒரு விசைப்பலகை. கணினியோடு வந்த பழைய பலகையின்மேல் யாரோ தேநீரைக் கொட்டிவிட்டார்கள். யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

“61 விசைகள் கொண்ட சிறிய பலகை போதும், மாமா. விளையாடுவதற்கு அதுதான் வசதி” என்பது அவன் கட்சி. “அதில் எனக்குத் தமிழ் எழுத வராது” என்பது அவள் கட்சி. தங்கையோ, “அண்ணா, சீட்டுப் பணம் கையில் வந்திருக்கிறது. இன்னொரு தடவை வாங்க என்னால் முடியாது. இரண்டு பேருக்கும் ஏற்றதாக ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கூறிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கணினி விளையாட்டு என்றதும் முகஞ் சுளிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிற் காட்சிப் போட்டியாக இடம்பெற்ற இது, 2023-இல் ஹாங்சௌ நகரிற் பதக்கத்துக்குரிய போட்டியாகவே நடந்தேறியது. பாடத்தை முடித்துவிட்டு விளையாடும் பிள்ளையை நான் கண்டிப்பதில்லை. நிற்க.

முதலில் அளவுநாடாவைக் கொண்டுவரச் சொன்னேன். மேசையின் நீளம் 76 சென்ரிமீற்றர், அகலம் 40. அதன்மீதே கணினித் திரையின் பாதம், சுட்டி, பாடப்புத்தகம் யாவும் இருக்கவேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இதைவிடப் பெரிய மேசைக்கு இடம் ஏது?

சிறிய பலகை என்றால் விசைகளும் சிறியனவாயிருக்கும் என்று எண்ணுவோர் உளர். பெரும்பாலும் அவ்வாறில்லை. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரைக்கும் ஏறக்குறைய 19 மில்லிமீற்றர் என்பது பெரிய பலகைக்கும் சிறிய பலகைக்கும் பொதுவான அளவு. விரல் பழகிய இடைவெளி அது. அதிற் கைவைப்பது அரிது. ஆகவே பலகை சிறுக்க வேண்டுமானால் சில விசைகளையே நீக்கவேண்டும். எந்த விசைகள் போகின்றன என்பதிலேதான் விஷயம் முழுவதும் அடங்கியுள்ளது.

நூற்றுநான்கு விசைகளுள்ள முழுப்பலகை 44 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. வலப்புறத்து எண் விசைத்தொகுதியை நீக்கினால் 87 விசைகள், சுமார் 36 சென்ரிமீற்றர். விளையாடுவோன் இடக்கையை டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு விசைகளிலும், வலக்கையைச் சுட்டியிலும் வைத்திருப்பான். எண் தொகுதி நடுவே நின்று வலக்கையை வெளியே தள்ளுகின்றது. தோள் நோவுக்கும் அதுவே வழி. வர்த்தகத் துறையிற் கணக்குப் பதிவு பழகும் மாணவர் அல்லாதார் அத்தொகுதியை மனக்குறையின்றி இழக்கலாம்.

மருமகன் விரும்பிய 61 விசைப் பலகையின் நீளம் 29 சென்ரிமீற்றர் அளவே. ஆனால் அதில் எஃப் 1 முதல் எஃப் 12 வரையான வரிசை இல்லை. அம்புக்குறி விசைகளும் இல்லை. இவற்றுக்கெல்லாம் ‘எஃப்-என்’ என்னும் ஒரு விசையை அழுத்திக்கொண்டே வேறொன்றைத் தட்டவேண்டும். விரிதாளிற் கட்டத்துக்குக் கட்டம் நகரும் மாணவிக்கு இது எத்தனை தொல்லை!

மருமகளின் முறைப்பாடு இதனினும் நுட்பமானது. நம் நாட்டிற் பலர் பழகியுள்ளது பாமினி எழுத்துரு முறை. அதில் எண் 1-க்கு இடப்புறமாக மூலையில் நிற்கும் விசையிலேதான் ஹகரம் இருக்கின்றது. அதே விசையை ஷிப்டுடன் சேர்த்தழுத்தினால் ஷகரம். 61 விசைப் பலகைகள் பலவற்றில் அம்மூலையை எஸ்கேப் விசை பிடித்துக்கொள்கின்றது. அப்புறம் ஒரு ‘ஷ’ எழுத மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தவேண்டும். அவளுடைய பெயரிலேயே ஷகரம் உண்டு. தன் பெயரை எழுத மூன்று விரலை வளைக்க எந்தப் பிள்ளைதான் சம்மதிக்கும்? 1999-இல் வகுக்கப்பட்ட ‘தமிழ் 99’ முறையிற் பழகியவர்களுக்கு இத்தொல்லை இல்லை. அதில் ஷகரமும் ஹகரமும் ஆங்கில எழுத்து விசைகளிலேயே அமைந்துள்ளன. ஆனால் ஒரு முறையில் ஊறிய விரலை இன்னொன்றுக்கு மாற்றுவது சுலபமன்று.

சிறிய பலகையிலே தமிழை அடக்கும் கவலை புதியதுமன்று. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இற் பிறந்து சிங்கப்பூரிலே தொழில் பார்த்த இரா. முத்தையா அவர்கள், 247 எழுத்துக்களை ஒரு தட்டச்சுப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் அடக்க முற்பட்டபோது இதே கவலைதான் பட்டிருப்பார். அழுத்தினாலும் தாள் நகராத ‘நகரா விசை’யினால் எழுத்தையும் அதன் குறியையும் ஒரே இடத்தில் விழச் செய்தார். அவர் அமைத்த பெரிய பொறிக்குப் பின் ‘பிஜோ’ என்னும் சிறிய பொறியும் வந்தது.

வழக்குக்குத் திரும்புவோம். 84 விசைகள் கொண்ட பலகை என ஒருவகை உண்டு. எண் தொகுதி போய், எஃப் வரிசையும் அம்புக்குறிகளும் நெருக்கமாக நிற்கும். எஸ்கேப் தனக்குரிய மேல்வரிசைக்குச் செல்வதால் எண் 1-க்கு இடப்புற விசையும் தன் இடத்திலே இருக்கும். அதன் நீளம் 32 சென்ரிமீற்றர். மருமகன் கேட்டதைவிட மூன்று சென்ரிமீற்றரே அதிகம். முன்பின்னாக ஒரு விசை வரிசையின் அகலம் கூடும். சுட்டிக்கு 40 சென்ரிமீற்றருக்கு மேல் மிஞ்சுகின்றது. கணக்கைக் கடதாசியில் எழுதிக் காட்டியதும் அவன் வாயடைத்துப் போனான்.

மலிவான பலகைகளில் இன்னொரு குறையுண்டு. ஓடுவதற்கு ஷிப்ட், முன்செல்ல டபிள்யூ, பக்கம் திரும்ப ஏ, பாய்வதற்கு இடைவெளி விசை என நான்கை ஒருங்கே அழுத்தும்போது ஒன்று பதியாமற் போய்விடும். உள்ளே கம்பிகள் நிரையும் நிரலுமாகப் பின்னப்பட்டிருப்பதால், சில மூன்று விசைகள் சேர்ந்தால் அழுத்தாத நாலாவதும் அழுத்தப்பட்டது போலத் தோன்றும். அதற்கு அஞ்சியே பலகை மூன்றாவதைப் புறக்கணிக்கின்றது. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே இருவாயி வைத்த பலகையில் இக்குறை நேராது. கடையிற் சோதிப்பதற்கு எளிய வழி: இரண்டு ஷிப்டுகளையும் அழுத்தியபடி ஆங்கில எழுத்துக்கள் எல்லாவற்றையும் மற்றொருவர் தட்டிப் பார்ப்பது.

சத்தத்தையும் கவனியுங்கள். ‘டக் டக்’ என ஒலிக்கும் நீலநிற விசைகள் இளைஞருக்குப் பிரியமானவை. லயத்தில் ஒரு காம்பராவின் பேச்சு அடுத்த காம்பராவிற் கேட்கும். விடியுமுன் எழுந்து கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் சுவருக்கு அப்பால் உறங்குகின்றார்கள். அந்த ஒலியில்லாத சிவப்புநிற வகையே அங்கே நல்லது. மின்னேற்றவேண்டிய கம்பியில்லாப் பலகையை மின்வெட்டு நாட்களை நினைத்து நான் ஒதுக்கினேன்.

மறுநாள் மூவருமாக மாத்தளை நகரிலுள்ள கடையொன்றுக்குப் போனோம். மருமகன் இரு ஷிப்டுகளையும் பிடித்துக்கொள்ள, தங்கை தட்டினாள். முதலாவது பலகையில் இரண்டு எழுத்துக்கள் விழவில்லை. கடைக்காரர் எங்களை ஒருமாதிரிப் பார்த்தார். பின் தாமும் ஒருமுறை தட்டிப்பார்த்து, உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்துவந்தார். அதில் எல்லாம் விழுந்தன. பிறகு அவள் பாமினியைத் தெரிவு செய்து தன் பெயரை எழுதினாள்.