"ஆளில்லாத் தீவு" என்று யார் சொன்னது?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் மட்டும் படியுங்கள்.

எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் நேற்று முன்தினம் ஒரு ரீல்ஸ் வந்தது. போட்டவர் என் பழைய மாணவர்தான். குருசடைத் தீவு. வெள்ளை மணல், நீல நிறத் தண்ணீர், பின்னணியில் புல்லாங்குழல். "ராமேஸ்வரம் கூட்டத்தில் சிக்காமல், மனித வாடையே இல்லாத அமைதித் தீவு, மதுரையிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம்" என்று எழுத்து ஓடுகிறது. அரை மணி நேரத்தில் குழுவில் வேன் பேசி முடித்துவிட்டார்கள். ஆளுக்கு 500 முன்பணம். யோசிக்காமல் நானும் அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் தூக்கம் வரவில்லை.

"மனித வாடையே இல்லாத" என்ற அந்தச் சொல்லில்தான் எனக்குச் சண்டை.

பல வருடம் வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: "நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும்." பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள். அந்த வரையறையில் மனிதன் கிடையாது. மன்னார் வளைகுடா வரைபடத்தில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 புள்ளிகள் வைக்கச் சொல்வேன். புள்ளி வைத்தால் ஒரு மதிப்பெண். அந்தப் புள்ளிகளில் யார் இறங்குகிறார்கள், எதற்கு இறங்குகிறார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. என் குற்றம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அந்த 21 தீவுகளும் 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆயின. 1989-ல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டரும் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தவறென்று நான் சொல்லவில்லை. பவளப்பாறையைப் பாறை பாறையாக வெட்டிச் சுண்ணாம்புக்கு அள்ளிய காலம் அது. அதன் விலையையும் கொடுத்தாயிற்று. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கடியில். தூத்துக்குடிப் பக்கம் வான்தீவு ஒரு காலத்தில் சுமார் 16 ஹெக்டேர். 2015 வாக்கில் சுமார் 2 ஹெக்டேராகத் தேய்ந்து, இப்போது செயற்கைப் பவளத் திட்டுகளைக் கடலில் இறக்கி அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பாதுகாப்பு வேண்டும். யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி.

பாம்பன், சின்னப்பாலம் பெண்களைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுப்பவர்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் ஒரு பை. மூச்சுக் கருவி எதுவும் கிடையாது. மூச்சை அடக்கி உள்ளே போய், கல்லில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து மேலே வந்து, மறுபடி போக வேண்டும். அதிலிருந்துதான் அகர் வருகிறது. நம் பேரப் பிள்ளைகள் சாப்பிடும் ஜெல்லியில் அது இருக்கலாம். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலும் அதுதான்.

இவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டவர்கள். மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது. பாசி தழைக்கும் கோடையில் ஒன்றரை மாதம் இறங்குவதே இல்லை. இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு பரிசு கொடுத்தது. உலகத் தீவுகளைக் காப்பவர்களுக்கு என்று இருக்கும் பரிசு அது. பரிசு கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறது. நம்மூரில் அந்தப் பெண்கள் தீவுப் பக்கம் போய்ப் பிடிபட்டால் பாசி பறிமுதல், அபராதம். முன்பெல்லாம் தீவிலேயே சோறாக்கித் தின்று, நாள்கணக்கில் தங்கிப் பாசி எடுத்தவர்கள். இன்று மறைந்து மறைந்து போய் வருகிறார்கள்.

மனித வாடை எப்படிப் போனது என்று இப்போது புரிகிறதா? அது இயற்கையாக வந்த அமைதி இல்லை. ஆளை வெளியே அனுப்பிவிட்டுக் கிடைத்த அமைதி. அந்த அமைதிக்குத்தான் நாம் டிக்கெட் வாங்குகிறோம்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000-க்குப் பிறகு இந்தக் கரையில் ஒரு புதுப் பாசியை வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கப்பாஃபைகஸ் என்று பெயர். பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். குளிர்பானக் கம்பெனி கொண்டுவந்ததால் அங்குள்ளவர்கள் வைத்த பெயர் "பெப்சி பாசி". அது வளர்ப்பு மிதவையோடு நிற்காமல் குருசடைப் பவளத்தின் மேலேயே போய்ப் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கையால் பறித்த பெண் பவளத்துக்கு எதிரி. மேலே போர்வை போர்த்திய பாசிக்கு வளர்ச்சி என்று பெயர்.

சரி, மறுபக்கமும் உண்டு. குழுவில் விலங்கியல் எடுத்த நண்பர் ஒருவர் கேட்டார்: "இத்தனை பெண்கள் பாறைமேல் நடந்தால் பவளம் உடையாதா?" உடையும். மறுக்கவில்லை. பவளம் கல் இல்லை, உயிர் என்று அவர் சொன்னதும் சரி. கடல் சூடேறி 2010-லும் 2016-லும் பவளம் வெளுத்துச் செத்தபோது அந்த நஷ்டம் மிச்சப் பவளத்தின் மதிப்பைக் கூட்டியிருக்கிறது என்பதும் சரி. ஆனால் கடலைச் சூடேற்றியது அந்தப் பெண்ணின் ரப்பர் செருப்பா? நம் ஏசி வேனுக்கு அதில் பங்கு இல்லையா? அவர் கால் பட்டால் உடையும் பவளம், நம் படகு நங்கூரம் பட்டால் உடையாதா? இதற்கு நண்பர் ஒரு கைகூப்பும் பொம்மை அனுப்பினார். பதில் இல்லை.

போன வருடம் மாசியில் நானும் போனவன்தான். மறைக்கவில்லை. மகன் குடும்பத்தோடு குந்துகாலில் படகு ஏறினோம். 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்து கால் வைத்த இடம் என்று பேரனுக்குச் சொன்னேன். தீவைப் பார்த்தோம், படம் எடுத்தோம். எனக்குத் தீராத ஆசை பலனோகிளாசஸ் பார்க்க வேண்டும் என்று. முதுகெலும்பு உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவில் நிற்கும் அந்தப் புழுவுக்குப் பேர் போன இடம் குருசடை. பார்க்கக் கிடைக்கவில்லை. அது மணலுக்குள் புதைந்து கிடப்பது. நமக்காக வெளியே வராது.

திரும்பி வந்து கரையில் டீ குடித்தோம். பக்கத்தில் ஓர் அம்மா பாசி காயப் போட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். விரல் முனையெல்லாம் வெடிப்பு. "நீங்களும் டிக்கெட் எடுத்தால் போகலாமே தாயி" என்றேன், ஏதோ பெரிய யோசனை சொல்வதுபோல.

"போலாம் சார். ஆனா எதையும் தொடக் கூடாது. எங்க வீட்டுக்குள்ள நானே காசு குடுத்துப் போயி, அடுப்பத் தொடாம திரும்பி வர்ற மாதிரி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாசியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

மானாமதுரை தாண்டியதும் பேரன் பையைத் திறந்தான். உள்ளே உள்ளங்கை அளவு பவளத் துண்டு. கரையில் கிடந்ததாம், அழகாக இருந்ததாம். 2001-லிருந்து பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. அந்த அம்மா பையில் இது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் பையை யாரும் பார்க்கவில்லை. நாங்கள் சுற்றுலா வந்தவர்கள் அல்லவா.

இதை மேலூர்க்காரர்களாகிய நாம் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வார்? கிரானைட்டுக்கு எத்தனை குன்றைப் பறிகொடுத்தோம்! 2022-ல் அரிட்டாபட்டியைப் பல்லுயிர் மரபுத் தலம் என்று அறிவித்தார்கள். 2024 நவம்பரில் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. கிராம சபை கூட்டினோம். 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஊரே திரண்டு நடந்தது. என் முழங்கால் வலியோடு கொஞ்ச தூரம் நானும் நடந்தேன். 23-ம் தேதி ஏலம் ரத்து. அன்று நாம் என்ன சொன்னோம்? "எங்க மலையப் பத்தி எங்களக் கேக்காம முடிவு பண்ணாத." அவ்வளவுதானே? சின்னப்பாலத்துப் பெண்கள் சொல்வதில் "மலை" என்பதை எடுத்துவிட்டுக் "கடல்" என்று போட்டுக்கொள்ளுங்கள். 2006 வன உரிமைச் சட்டம் வனநிலம் என்று சொல்லும்போது தேசியப் பூங்காவையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அந்த உரிமை கடல் பூங்காவில் ஏன் பேசப்படுவதில்லை?

நம் திருவாதவூர் ஓவாமலைக்கும் மதுரையிலிருந்து வருகிறார்கள். அமைதியான இடம் என்று மெச்சுகிறார்கள். ஈராயிரம் வருடத் தமிழி எழுத்துள்ள ஊரில், பாறையில் காதலி பெயரைக் கீறிவிட்டுப் போகிறார்கள். நமக்கு வயிறு எரிகிறதல்லவா?

தீவைப் பூட்டு என்றோ யாரும் போகாதே என்றோ நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணி விடுங்கள். படகு ஓட்டுவதும் கூட்டிப் போய்க் காட்டுவதும் அந்தப் பெண்கள் கையில் இருக்கட்டும்; பவளத்தை அவர்களைவிட அருகில் பார்த்தவர் யார்? அவர்களே வகுத்துக்கொண்ட அந்த 12 நாளை எழுத்தில் அனுமதியாகக் கொடுங்கள். டிக்கெட் காசில் ஒரு பங்கு சின்னப்பாலத்துக்குப் போகட்டும். இதெல்லாம் நடக்காத காரியமா?

குழு நண்பர்களுக்கு: வேனில் என் இடம் காலி. 500 ரூபாயைத் திருப்ப வேண்டாம். குந்துகாலில் படகு ஏறும் முன் கரையில் பாசி காயப்போடும் யாரிடமாவது பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள், டீ என் கணக்கு. அந்தப் பவளத் துண்டு இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. வேன் கிளம்பும் காலை கொடுத்து விடுகிறேன். எடுத்த இடத்திலேயே, யார் கண்ணிலும் படாமல், போட்டுவிட்டு வாருங்கள்.