பினாங்கில் பயிற்சி மருத்துவர்கள்: ஊரைக் கற்றுக்கொண்டதும் ஊர் மாற்றம்

மருத்துவம் முடித்த பிள்ளைக்குப் பினாங்கில் பயிற்சி கிடைத்தால் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. சுங்கை பட்டாணி, கூலிம், நிபோங் திபால் வட்டாரத்துப் பெற்றோருக்கு அது எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம். கோயில் உண்டு, தோசைக்கடை உண்டு, தைப்பூசம் உண்டு. பிள்ளை தனிமையில் வாடாது என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் பாதிதான் சரி.

ஜார்ஜ்டவுன் 2008இல் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுப்பயணிகள் பார்க்கும் அந்த ஊரைப் பயிற்சி மருத்துவர் பார்ப்பது குறைவு. ஈராண்டில் பொது மருத்துவம், குழந்தை நலம், அறுவை, எலும்பு, மகப்பேறு என்று துறை துறையாக மாற வேண்டும். ஒரு துறைக்கு நான்கு மாதம். ஷிப்ட் முடிந்தால் தூக்கம்தான்.

ஆனால், ஊர் வார்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. தமிழ்ப்பாட்டி ‘நெஞ்சு கரிக்குது’ என்பது வேறு, ‘நெஞ்சு அடைக்குது’ என்பது வேறு. இரண்டையும் ‘சாக்கிட் டாடா’ என்று மலாயில் எழுதினால் அந்த வேறுபாடு காணாமல் போகும். மலாய் மூதாட்டி சொல்லும் ‘அங்கின்’ வயிற்று உப்புசமாகவும் இருக்கலாம், உடல்வலியாகவும் இருக்கலாம். வயதான ஹொக்கியன் சீனரிடம் ‘தியா’ என்ற ஒரு சொல்லாவது தெரிந்தால்தான் எங்கே வலி என்று கேட்க முடியும். இதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. தாதியரிடமும் நோயாளியிடமும் கேட்டுக் கேட்டுத்தான் படிய வேண்டும்.

பண்டிகைகளும் அப்படியே. தைப்பூசத்திற்கு முதல்நாள் இரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும்போது பயிற்சி மருத்துவர்கள் பலர் பணியில் இருப்பார்கள். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் சுடும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்ததுகூடத் தெரியாது. ‘நடக்காதீர்கள்’ என்று மட்டும் சொல்லும் மருத்துவரை அவர் மறுமுறை தேடி வரமாட்டார். நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று அறிந்தவர், நடந்து முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்வார். நோன்பு மாதத்தில் இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுப்பதும் இதே வகைதான்.

வெளியே வாழ்வதுதான் சிரமம். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, 2000இல் பாதுகாப்பு முழுமையாக விலகியதும் பழைய நகரில் குடியிருந்த பல குடும்பங்கள் வெளியேறின. அந்தக் கடைவீடுகள் பல இன்று தங்குவிடுதியும் காப்பிக்கடையும். படிப்புக் கடன் கட்டிக்கொண்டு, வீட்டுக்கும் பணம் அனுப்பும் பிள்ளை ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டுதான் இருக்க முடியும்.

2022 ஏப்ரலில் பினாங்கில் ஒரு பயிற்சி மருத்துவர் இறந்த பிறகு, சுகாதாரத் துறையில் வேலைச்சூழலையும் பகடிவதையையும் ஆராயச் சுகாதார அமைச்சு ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. கோயிலும் தோசைக்கடையும் பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒரு பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கும் பெற்றோர், ‘தூங்கினாயா? யாராவது திட்டுகிறார்களா?’ என்றும் கேட்பது நல்லது.

அடுத்த சிக்கல் வேலை நிரந்தரம். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்தத்தில்தான் சேர்க்கப்பட்டனர். 2021 ஜூலை 26இல் அவர்கள் நடத்திய ‘ஹர்த்தால்’ நாடு முழுவதும் பேசப்பட்டது. அதன்பின் ஒப்பந்த நீட்டிப்பும் கட்டங்கட்டமாக நிரந்தர நியமனமும் வந்தன. ஆனால் நிரந்தரம் கிடைக்கும்போது இடம் சபாவாகவோ சரவாக்காகவோ இருக்கலாம். அங்கும் மருத்துவர் தேவை. போகமாட்டேன் என்று சொல்ல நியாயமில்லை. ஆயினும் ஈராண்டில் ஹொக்கியனும் வடமாநில மலாயும் பிடிபட்ட ஒருவரை மாற்றிவிட்டு, புதியவரை அதே வார்டில் ‘தியா’விலிருந்து தொடங்க வைப்பதில் நோயாளிக்கு நட்டம் உண்டு.

இடம் ஒதுக்கும்போது குடும்பச் சூழலுக்கும் உடல்நலத்துக்கும் காரணம் காட்டி மேல்முறையீடு செய்கிறார்கள். அந்தப் பட்டியலில் மொழித்திறனையும் சேர்த்தால் என்ன? தமிழ் நோயாளிகள் நிறைந்த வட மாநில மருத்துவமனைகளில் தமிழ் பேசும் மருத்துவர் ஒருவராவது ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும் என்று நம் மக்கள் பிரதிநிதிகள் அமைச்சிடம் கேட்கலாம். அதற்குப் புதிய கட்டடமோ பெரிய ஒதுக்கீடோ தேவையில்லை.