எந்த என்ஜின், எந்த டெண்டர்?

மைசூர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்: 1899-ல் செய்த மகாராணியின் சலூன் வண்டி, தண்டவாளத்தில் ஓடிய ஆஸ்டின் கார். நீராவி என்ஜின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வதோடு சரி. 1979-ல் தொடங்கிய இந்த இடத்துக்கு வர இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுப் பரணில் கிடைத்த பழைய புகைப்படத்தில் தாத்தா சாய்ந்து நிற்கும் என்ஜின் இதுதானா என்று பார்க்கலாம்.

எண்ணைப் படித்தால் தெரிந்துவிடாதா? எண் வெறும் பெயிண்ட். 1957 வாக்கில் அனைத்திந்திய எண் முறை வந்தபோது பல என்ஜின்களுக்குப் புது எண் கிடைத்தது. ஆகவே அப்பாவும் மகனும் ஒரே என்ஜின் அருகே நின்றிருந்தாலும், இரண்டு படத்திலும் வேறு வேறு எண் இருக்கலாம். இதைவிட நம்பகமானது தயாரித்த கம்பெனியின் பெயரும் வரிசை எண்ணும் ஆண்டும் பொறித்த பித்தளைத் தகடு. ஆனால் முதலில் களவு போவதும் அதுதான்.

தகடு இல்லையென்றால் உருவத்தைத்தான் படிக்க வேண்டும். முன்னால் நடுவில் ஒரே பஃபர் என்றால் மீட்டர் கேஜ். இரண்டு பக்கமும் பஃபர் என்றால் அகலப்பாதை. பிறகு சக்கரங்களை எண்ணலாம், புகைபோக்கியைப் பார்க்கலாம், கரி எரியும் பெட்டியின் மேல்பகுதி சதுரமா உருண்டையா என்று கவனிக்கலாம். நெகட்டிவைத் தலைமாற்றிப் போட்டு அச்சிட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் டிரைவரின் சட்டைப் பை எந்தப் பக்கம் என்று பாருங்கள். இதெல்லாம் வகையைச் சொல்லும். தனி என்ஜினைச் சொல்லாது. இந்திய ரயில்வேயில் ஒய்.பி. வகை மட்டும் 1949 முதல் 1970 வரை 871 செய்யப்பட்டன.

பெரிய சிக்கல் டெண்டர். கரியும் தண்ணீரும் சுமக்கும் இந்தப் பின்வண்டி என்ஜினோடு ஒட்டிப் பிறந்ததல்ல. பணிமனையில் என்ஜின் தயாராகி, அதன் டெண்டர் தயாராகவில்லை என்றால், கைக்குக் கிடைத்த வேறொரு டெண்டரை மாட்டி அனுப்பிவிடுவார்கள். ரயில்வேயின் பெயரை எழுதுவது வழக்கமாக டெண்டர் மேல்தான். தெற்கு ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14-ல். ஆகவே ‘எஸ்.ஆர்.’ என்ற எழுத்தைப் பார்த்தால், அந்த டெண்டருக்கு அதற்குப் பிறகு பெயிண்ட் அடித்தார்கள் என்றுதான் சொல்ல முடியும். முன்னால் நிற்கும் என்ஜினின் வயதுக்கு அது சாட்சியல்ல.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு கட்டில் வேறொரு நூலின் ஏடுகள் கோத்துக்கொண்டு வருவதைப் பதிப்பாசிரியர்கள் நன்றாக அறிவார்கள். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் ஒரே பிரதியை நம்பவில்லை. பல பிரதிகளை ஒப்பிட்டார். புகைப்படத்துக்கும் அதே விதி. ஒரு படம் ஒரு நாளைக் காட்டும். பல படங்களை ஆண்டுவாரியாக அடுக்கினால்தான் என்ஜினின் வாழ்க்கை தெரியும்.

அயர்லாந்தில் காப்பாற்றி வைத்திருக்கும் ‘ஸ்லீவ் கல்லியன்’ என்ற 171-ஆம் எண் என்ஜின் 1913-ல் பிறந்து 1938-ல் பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டது. எண் ஒன்று, தோற்றம் இரண்டு. தேதியில்லாத படத்தைக் கொண்டு அதைப் பழையபடி ஆக்க நினைத்தால், எந்தப் பழையபடி என்ற கேள்வி வரும்.

நமக்கு அவசரம் வேறு. பெங்களூரிலிருந்து மைசூருக்கு 1882-ல் வந்த மீட்டர் கேஜ் பாதை 1990-களில் அகலப்பாதையாயிற்று. நாடு முழுவதுமே அந்தப் பத்தாண்டோடு நீராவியின் காலம் ஏறக்குறைய முடிந்தது. அன்று கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்களும், நட்டு முடுக்கிய ஃபிட்டர்களும் இன்று தள்ளாத வயதில் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும், “இது நம்ம வண்டி, டெண்டர் மட்டும் வேற” என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் போனபின் ஆல்பம் பழைய பேப்பர்காரரிடம் போகும்.

ரயில்வே குடும்பங்களில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். படத்தைப் பெரியவரிடம் காட்டி, ஊர், ஆண்டு, ஆட்களின் பெயர் ஆகியவற்றைப் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். பிரதி எடுக்கும்போது பின்புறத்தையும் எடுங்கள். என்ஜின் மட்டும் தெரியட்டும் என்று ஓரத்தை வெட்டாதீர்கள். மூலையில் தெரியும் சிக்னல் கம்பம்தான் ஸ்டேஷனைக் காட்டிக்கொடுக்கும்.

அருங்காட்சியகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். என்ஜின் இன்னது, டெண்டர் வேறொன்றினுடையது என்று தெரிந்தால் பலகையில் அப்படியே எழுதலாம். அதில் கௌரவக் குறைவில்லை. ஓடி உழைத்த வண்டி என்பதற்கு அதுதான் அத்தாட்சி.